இசைத்தட்டும் குறுந்தகடும்

ஒலி தோன்றிய அப்பொழுதே மறையும் இயல்பினது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல் இதழ் நா முதலியவற்றின் தொழிலால் வேறு வேறு எழுத்தொலியாகப் பிறத்தலைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கினார். அவ்வாறு பிறந்த ஒலியைப் பிடித்து வைக்கும் வழியை அவர் கூறவில்லை; கூறுதற்கு அக்காலத்தே வழியும் இல்லை. சொல்லை ஏட்டில் எழுதி வைக்கலாம். சொல்லியவருடைய குரலை எழுதி வைத்தற்கு ஏற்ற எழுத்தாணி யாண்டும் இல்லாதிருந்தது. 1877ஆம் ஆண்டில் எடிசன் என்னும் அமெரிக்கர் ஒலியெழுதும் பொறியைக் கண்டார். பத்தாண்டு கழித்து எமில் பெர்லினர் என்பவர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டில் ஒலியை எழுதினார். அவ்வட்டே நாம் இசைத்தட்டு என்றும், நம் வீட்டுப் பெரியோர் கிராமபோன் பிளேட்டு என்றும் வழங்குவது.

இத்தகைய பழந்தட்டுக்களின் ஒலியைக் கணிப்பொறியின் வாயிலாக எண்களாக மாற்றிக் குறுந்தகட்டிற் கேட்கும்படி செய்தலைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். இது வெறுங் கைத்தொழிலன்றோ, தமிழ் பயிலும் மாணவன் கல்லூரி மலரில் இதனை எழுதுவானேன் என நண்பர் சிலர் வினவினர். ஏடு பெயர்த்தெழுதும் தொழிலுக்கும் இதற்கும் உள்ள உறவு மிக நெருங்கியது என்பதே என் விடை. அவ்வுறவை யான் நூல் வாயிலாக அறிந்திலேன். ஒரு தட்டை இழந்து அறிந்தேன்.

நம் நாட்டிற் பாட்டுக்களைத் தட்டிற் பதியும் முயற்சி 1902ஆம் ஆண்டு நவம்பரிற் கல்கத்தாவில் தொடங்கிற்று. இலண்டன் கிராமபோன் கம்பெனியார் பிரெடெரிக் கெய்ஸ்பர்க் என்பவரை அதன்பொருட்டு அனுப்பினர். அப்பொழுது பாடியவருள் பெயர் பெற்றவர் கௌஹர் ஜான் என்னும் அம்மையார். அவர் பாட்டு முடிந்தவுடன் தம் பெயரை உரக்கச் சொல்லி நிறுத்துவார். அது செருக்கன்று. மெழுகில் எழுதிய மூலப்பதிவு கப்பலேறி ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரஞ் சென்று, அங்கே தட்டாக வார்க்கப்பட்டது. ஆண்டுள்ள தொழிலாளர்க்கு நம் பாடகர் இன்னார் என்பது தெரியாது. ஒருவர் தட்டில் மற்றொருவர் பெயர்ச்சீட்டு ஒட்டப்படாமற் காத்தற்பொருட்டே, பாடினவர் பெயரைப் பாட்டின் வாலிற் சேர்க்கும் வழக்கம் உண்டாயிற்று. இச்செய்தியை அன்பர்கள் சிறிது நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

1908இற் கல்கத்தாவிலேயே தட்டு வார்க்கும் தொழிற்சாலை ஏற்பட்டது. அந்நாளைத் தட்டுக்கள் அரக்கோடு கற்பொடியும் கரியும் கலந்து செய்யப்பட்டன. பாரதத்திற் பாண்டவர்க்குக் கட்டிய மாளிகைக்கு ஆன பொருளும், நம் முன்னோர் பாட்டுக் கேட்ட தட்டிற்கு ஆன பொருளும் ஒன்றே என்பது எனக்கு வியப்பாயிருந்தது. முன்னையது எரிந்தது, பின்னையது உடையும். கைதவறி விழுந்தால் ஓட்டாஞ் சில்லுப்போல் நொறுங்கும் இயல்புடையது. 10 அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடந்தான் பாடும். ஆலாபனைகள் குறுகியதும் நாடகப் பாட்டுக்கள் சுருங்கியதும் இவ்வளவுக்கு அடங்கியே.

இக்கலையில் மதுரையின் பங்கு சிறிதன்று. 1916இல் இந்நகரிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார், வீணை வல்ல அன்னையார் சண்முகவடிவின் துணையோடு, 1926ஆம் ஆண்டளவிற் சிறுமியாயிருந்தபோதே தட்டிற் பாடினார். எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதிலேயே காலஞ் சென்றார்; அவர் குரலைப் பின் பிறந்தோர் கேட்டது தட்டின் வழியாகவே. சென்னையிற் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிலையத்தார் ஜெர்மானிய ஓடியன் கம்பெனியாரோடு சேர்ந்து எண்ணிறந்த தமிழ்த் தட்டுக்களை வெளியிட்டனர். 1948இல் அமெரிக்காவில் வினைல் என்னும் நெகிழ்பொருளால் ஆன நீண்ட நேரத் தட்டு வந்தது. நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழன்ற இடத்தில் 33⅓ சுற்றே சுழன்று, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் அது பாடிற்று. நம் பழங்காநத்தத்துப் பெரியவர்களைக் கேட்டால், திருவிழாக் காலத்தில் வேப்பமரக் கிளையிற் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ வசனத் தட்டு முழங்கியதைச் சொல்லுவர். 1965இல் வந்த அப்படத்தில் தருமியும் நக்கீரரும் பேசிய பேச்சைப் பலர் படம் பார்த்து அறிந்ததினும் ஒலிபெருக்கியிற் கேட்டு மனப்பாடஞ் செய்ததே மிகுதி.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் என் பாட்டனாருடைய தந்தையார் சேர்த்த அரக்குத் தட்டுக்கள் 31ம், பாட்டனாரே வாங்கிய வினைல் தட்டுக்கள் 12ம் இருந்தன. பாட்டுப்பெட்டி பழுதாகி நெடுநாளாயிற்று. பாட்டனாரிடம் குறுந்தகடு பாடும் சிறு பொறி ஒன்று உண்டு; கைப்பேசியிற் பாட்டுத் தேடுதல் அவர்க்கு ஒவ்வாது. சென்ற கோடை விடுமுறையில், “ஏய்யா, இந்தப் பெட்டியில கெடக்குறதையெல்லாம் அந்தச் சின்னத் தட்டுல ஏத்தித் தர முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்றேன். முடியும் என்று சொல்லுதற்கு வேண்டிய அறியாமை என்னிடம் நிரம்ப இருந்தது.

முதற்கண், நிகழ்வது யாது என்பதை ஒருவாறு விளக்குவேன். தட்டின் மேலுள்ள வரி ஒன்றே; அது வெளியோரத்தில் தொடங்கிச் சுருள் சுருளாக உட்சென்று சீட்டின் அருகில் முடிகிறது. வரியின் சுவர்கள் நெளிந்து நெளிந்து செல்லும். அந்நெளிவே ஒலி. ஊசி அந்நெளிவின் வழியே அசையும். அவ்வசைவு மின்னோட்டமாக மாறும். மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வைக் கணிப்பொறி இடைவிடாது அளந்து எண்ணாகக் குறிக்கும். தமிழிலக்கணத்தார் ஒலியை மாத்திரையால் அளந்தனர். கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் அவர்க்கு அளவுகோல். குறுந்தகட்டின் அளவுகோலோ ஒரு விநாடியை 44,100 கூறிட்டு, ஒவ்வொரு கூற்றிலும் ஒலியின் உயரத்தை 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிப்பது. மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வு வரையிலேயே கேட்கும். ஓர் அதிர்வைக் குறிக்க இரண்டிற்குக் குறையாத அளவைகள் வேண்டும். ஆதலின் 40,000இற்குச் சிறிது மேற்பட்ட எண்ணைக் கொண்டனர். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு இம்முறையினதே. வெற்றுத் தகடு ஒன்று 80 நிமிடம் கொள்ளும்; அஃதாவது அரக்குத் தட்டுப் பக்கங்கள் 26ஐ உள்ளங்கையகலத் தகட்டில் அடக்கலாம்.

இனிச் செய்முறை. தட்டைத் தூய்மை செய்தல் முதல் வேலை. வரியினுட் படிந்த தூசியை ஊசி ஒலியாகவே படிக்கும். வினைல் தட்டைச் சாராயங் கலந்த நீரால் துடைப்பாருண்டு. அரக்குத் தட்டிற்கு அது நஞ்சு. சாராயம் அரக்கைக் கரைத்துவிடும். வெதுவெதுப்பான நீரிற் சிறிது சவர்க்காரங் கலந்து, மெல்லிய தூரிகையால் வரியின் போக்கிலேயே தேய்த்து, நடுவிலுள்ள சீட்டில் நீர் படாமற் காத்து, நிழலில் உலர்த்தல் வேண்டும்.

அடுத்தது ஊசி. இதில் யான் முதலிலேயே தவறினேன். தட்டுச் சுழற்றும் பொறியை, பழங்காநத்தத்தில் முன்னர் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுவந்த ஒரு பெரியவரிடம் இரவல் வாங்கினேன். அதில் வினைல் தட்டிற்குரிய ஊசி பொருத்தியிருந்தது. அதன் நுனி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரக்குத் தட்டின் வரியோ அகன்றது. அதற்கு ஆயிரத்தில் மூன்று பங்கு நுனி வேண்டும். சிற்றூசி அகன்ற வரியின் சுவரைத் தொடாமல் அடியிற் கிடக்கும் புழுதியை உழுதுகொண்டு சென்றது. பாட்டைவிட இரைச்சல் மிகுந்தது. பெரியவர் வந்து கேட்டு நகைத்து, “தம்பி, வாய்க்கால்ல நூல விட்டு ஆழம் பாக்குறீக” என்று சொல்லித் தம் பழைய பெட்டியிலிருந்து தக்க ஊசியைத் தேடிக் கொடுத்தார். இருபத்தைந்து ஆண்டு கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் தட்டுப் போட்டவர் அவர். ஊசியைப் பற்றி யான் படித்த கட்டுரைகள் யாவும் அவர் சொல்லிய அவ்வொரு வாக்கியத்திற்கு ஈடாகமாட்டா.

விரைவைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இசை அறிந்தார் இதனைப் பொறுத்தருள்வர். 78 என்பது பிற்காலத்து நிலைபெற்ற எண். பழந்தட்டுக்களுள் அதற்குச் சிறிது குறைந்தும் மிகுந்தும் பதியப்பட்டவை பல. 76 சுற்றிற் பதிந்த தட்டை 78இற் சுழற்றினால், சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்திற் பாதி ஏறிவிடும், தாளமும் விரையும். பாடகர் பெருமூச்சு வாங்கிப் பாடிய நிதானம் அவசரமாகும். உண்மை விரைவை அறிவது எங்ஙனம்? நாடகப் பாட்டுத் தட்டுக்களிற் பக்கவாத்தியமாக ஆர்மோனியம் பெரும்பாலும் உண்டு. அதன் நாக்குகள் நிலைத்த சுருதியுடையன. தட்டில் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் கட்டை இன்று நாம் அறிந்த கட்டைகளுள் ஒன்றனோடும் பொருந்தாமல் இரண்டிற்கும் நடுவே நின்றால், விரைவில் ஐயுறுதல் தகும். முடிந்த முடிபாக அதனைக் கொள்ளலாகாது. அந்நாளை ஆர்மோனியங்கள் யாவும் ஒரே சுருதியில் அமைந்தன அல்ல. எனினும் செவியும் ஆர்மோனியமும் கூடியவிடத்துப் பெரும்பிழை நேராது. நம் பொறிகளுட் சிலவற்றில் 78 என்னும் விரைவே இல்லை. அப்பொழுது 45இற் சுழற்றிப் பதிந்துகொண்டு, கணிப்பொறியில் விரைவைக் கூட்டிக்கொள்ளலாம்.

இவை யாவும் கையாலாகும் வேலை. இடர் இதன் பின்னரே தொடங்குகிறது. கணிப்பொறியில் ஒலியைச் செப்பஞ் செய்யும் கருவிகள் உண்டு. ஒன்று, கீறலால் எழும் ‘டிக்’ ஒலியைத் தேடி நீக்கும். தட்டிற் குறுக்கே ஒரு வெடிப்பு இருந்தால் நிமிடத்திற்கு 78 முறை அவ்வொலி தவறாமல் வரும். அதனை நீக்குதல் நன்றே. ஆனால் அக்கருவி மிருதங்கத்தின் கூர்மையான சொல்லையும், பாடகர் வாயில் ‘க’கரமும் ‘ட’கரமும் வெடிக்கும் தொடக்கத்தையும் கீறலென்றே மயங்கும். மற்றொன்று, தட்டின் ‘ஸ்ஸ்’ என்னும் இரைச்சலை மாதிரியாகக் கொண்டு பாட்டு முழுவதினின்றும் கழிக்கும். இடைவிடாது ஒலிப்பது இரைச்சல் என்பது அதன் கொள்கை. தம்பூராவும் இடைவிடாது ஒலிப்பதே! சகரத்தின் உரசலும் இரைச்சல் வாழும் அதே மேற்சுருதியில் வாழ்வது. ஆகவே மிகுதியாகக் கழித்தால் தம்பூரா தேயும். சொற்கள் பல்லில்லாதவர் பேச்சுப்போல் மழுங்கும். பாடகர் நீரினடியிலிருந்து பாடுவதுபோலத் தோன்றும்.

யான் மிகுதியாகவே கழித்தேன். முதலில் எடுத்த எட்டுத் தட்டுக்களுள் ஒன்று மிகப் பழையது. ஒரு பக்கம் மட்டுமே வரியுள்ளது. சீட்டின் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. பாடினவர் பெயர் இருந்த இடம் வெறுமை. பாட்டு முடிந்தபின் இரைச்சலினூடே யாரோ எதனையோ சொல்லுவதுபோன்ற மெல்லிய ஒலி இரண்டு விநாடி கேட்டது. அதனைப் பயனற்றது என்று கருதினேன். பாட்டு முடிந்த இடத்தில் வெட்டினேன், இரைச்சலைக் கழித்தேன், செப்பஞ் செய்ததனை மூலப்பதிவின் மேலேயே சேமித்தேன். தூய்மையான படி கிடைத்ததென்று மகிழ்ந்தேன். நான்கு நாள் கழித்துத் தட்டுக்களை உறையிலிட்டு அடுக்கும்போது அத்தட்டுக் கைந்நழுவித் தரையில் விழுந்தது. வெளிப்பகுதி ஐந்து துண்டாயிற்று. சீட்டையடுத்த உட்பகுதி நொறுங்கிற்று.

அன்று மாலை குறுந்தகட்டைப் பாட்டனாருக்குப் போட்டுக் காட்டினேன். கண்மூடிக் கேட்டார். அந்தப் பாட்டு முடிந்ததும் கண்விழித்து, “கடைசியில பேரு சொல்லுவாகளே, அது எங்கய்யா?” என்றார். என்ன பெயர் என்று கேட்டேன். சிறுவயதிற் கேட்டது, பெயர் சொல்லியது நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை என்றார். தட்டு உடைந்ததை அப்பொழுதுதான் சொன்னேன். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை.

வகுப்பிற் பாடபேதங்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் யான் சலித்ததுண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவகசிந்தாமணியையும் 1894இற் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிரதிபேதங்களைக் குறித்தார். சிதைந்த இடத்தைத் தாமே இட்டு நிரப்பாமற் புள்ளியிட்டு விட்டார். அப்புள்ளிகளின் அருமை எனக்கு இப்பொழுது விளங்குகிறது. தமக்குப் பொருள் விளங்காத எழுத்தைப் பிழையென்று திருத்திய ஏடெழுதுவோர், தம் பின்வந்தார்க்கு வழியை அடைத்தனர். ஏடும் செல்லரித்துப் போயிற்றேல் அத்திருத்தமே பாடமாகி நிற்கும். யான் செய்தது அதுவே. விளங்காத இரண்டு விநாடியை இரைச்சலென்று திருத்தினேன்.

இரைச்சலென்று ஒருவர் தள்ளுவது மற்றொருவர்க்குப் பொருளாதலை வேறொரு தொகுதி காட்டும். ஜார்ஜ் கிரியர்சன் நடத்திய இந்திய மொழியாராய்ச்சியைச் சார்ந்து 1913 முதல் 1929 வரை நம் நாட்டு மொழிகளும் வட்டார வழக்குகளும் தட்டுக்களிற் பதியப்பட்டன. ஒவ்வொரு மொழியாரையும் ஒரே கதையைச் சொல்லும்படி கேட்டல் அவ்வாராய்ச்சியின் வழக்கம். அக்கதை லூக்கா 15ஆம் அதிகாரத்துக் கெட்ட குமாரன் உவமை. ஞாயிறுதோறும் கோயிலிற் கேட்டுப் பழகிய கதையை, நூறாண்டுக்கு முன் வாழ்ந்தோர் தத்தம் பேச்சிற் சொல்லக் கேட்டல் தனி அனுபவம். அத்தட்டுக்களைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் எண்வடிவாக்கி எவருங் கேட்கும்படி வைத்துள்ளனர். இரைச்சல் நிரம்ப உண்டு. கதை அறிந்த கதை. ஆராய்வார்க்கு வேண்டுவது பேசினவர் மூச்சும் இழுப்பும் இடைநிறுத்தமுமே. அவற்றைச் செப்பஞ்செய்து களைந்திருந்தால் எஞ்சுவது வேதப்புத்தகத்தில் முன்னரே உள்ளது. ஓடியன் தட்டுக்களையும் மும்பையிலுள்ள இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் கழகத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு இவ்வாறே எண்வடிவாக்கினர். அவற்றுள் நம் தென்னாட்டுப் பாட்டுக்களும் உள.

எஞ்சிய தட்டுக்களுக்கு யான் கைக்கொண்ட முறை வருமாறு. ஊசி வரியில் இறங்கும் ஒலி முதல், பாட்டு முடிந்து ஊசி சீட்டருகிற் சென்று உராயும் ஒலி வரை, ஒன்றும் விடாது பதிவேன். அப்பதிவைத் தொடேன். அதற்கு ஒரு படியெடுத்து அப்படியிலேயே செப்பஞ் செய்வேன். அதுவும் ‘டிக்’ ஒலியை ஒவ்வொன்றாகக் கண்டு நீக்குவதோடு நிற்பேன். பாட்டனார்க்குரிய குறுந்தகட்டிற் செப்பஞ் செய்த படி ஏறும். வீட்டிலெழுதும் தகடுகள் சாயப்பூச்சில் எழுதப்படுவன. வெயிலிலும் வெப்பத்திலும் சாயம் வெளிறும். நம் மதுரை வெயில் அறியாததன்று. ஆகையால் மூலப்பதிவுகள் இரண்டு வேறு இடங்களிற் கணிப்பொறிப் பேழைகளில் இருக்கின்றன. சீட்டை நிழற்படம் எடுத்து, சீட்டின் எண்ணையும், சீட்டைச் சுற்றி அரக்கிலேயே பொறித்துள்ள எண்ணையும் எழுதி வைக்கிறேன். சீட்டைச் செல் அரிக்கும். அரக்கிற் பொறித்த எண்ணை அரியாது. உடைந்த தட்டில் அவ்வெண் இருந்த பகுதியே பொடியாயிற்று என்பது வேறு கதை.

உடைந்த துண்டுகளை எறியவில்லை. அமெரிக்காவிற் பெர்க்கிலி ஆராய்ச்சிச்சாலையார், தட்டை ஊசியால் தீண்டாமல் நுண்படம் எடுத்து, வரியின் நெளிவைப் படத்திலிருந்தே அளந்து ஒலியாக்கும் முறையைக் கண்டுள்ளனர். உடைந்த தட்டுக்களையும் அம்முறையாற் படித்தல் கூடும். அத்தகைய பொறி நம்மூர்க்கு வருமோ, வந்தாலும் பொடியைப் படிக்குமோ, யானறியேன். துண்டுகளும் பொடியும் பஞ்சிற் சுற்றிப் பிஸ்கோத்துத் தகரப்பெட்டி ஒன்றில் இருக்கின்றன.

அப்பாட்டைக் கொண்ட குறுந்தகட்டின் உறையில் என் கையால் எழுதிய குறிப்பு இது: “ஒருபக்கத் தட்டு. பாடினவர் பெயர் தெரியாது. தட்டின் முடிவிற் பெயர் சொல்லப்பட்டிருந்தது. படியெடுத்தவன் அதனை நீக்கினான். தட்டு உடைந்தது. துண்டுகள் பெட்டியில் உள்ளன.” பாட்டனார் அக்குறிப்பைப் படித்துவிட்டு உறையை மடித்து வைத்தார். இப்பொழுதும் மாலையில் அத்தகட்டைப் போடுகிறார். அந்தப் பாட்டு முடிந்ததும், அடுத்தது தொடங்கும்வரை, தலையைச் சிறிது சாய்த்துச் செவி கொடுத்தவாறே இருக்கிறார்.